கரையில் கால் வைக்காத மாப்பிள்ளை

ஜெர்மனியில் சும்மா இருப்பதற்குக்கூட ஒரு சங்கம் வேண்டும். வால்டோர்ஃபில் மகள் வீட்டில் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிட்டது. முயல் வளர்ப்போர் சங்கம், சீட்டாடுவோர் சங்கம், மலையேறி அங்கேயே ரொட்டி தின்றுவிட்டு இறங்குவோர் சங்கம். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர். தலைவர் இல்லாமல் மூன்று ஜெர்மானியர் கூடிப் பீர் குடித்ததை நான் அங்கே இருந்த வரை பார்க்கவில்லை.

மருமகன் ரகு சேர்ந்திருந்தது கயாக் சங்கம். கயாக் என்பது இரண்டு பேர், முன்னவர் முதுகைப் பின்னவர் பார்த்தபடி, காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு, அதற்கு இரண்டு முனையிலும் அலகு. பார்த்தால் குடைந்த சுரைக்காயில் இரண்டு பேரைச் செருகியதுபோல் இருக்கும்.

வியாழக்கிழமை ரகு என்னைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். சனிக்கிழமை இரவு ஹைடல்பெர்க் நகரத்துக் கோட்டையில் வாணவேடிக்கை. நெக்கார் ஆற்றின் மேல்பக்கத்து ஊர் ஒன்றில் சாயங்காலம் படகில் ஏறி, நகரத்து நடுவே மிதந்தபடி வேடிக்கை பார்த்துவிட்டு, கீழே வேறொரு ஊரில் கரையேறுவது சங்கத்தின் திட்டம். தலைவர் க்ளௌஸ் விதிகளை வாசித்தார். மிதவைச் சட்டை கட்டாயம். படகுக்கு ஒரு விளக்கு கட்டாயம். தலைவர் சொல்லாமல் யாரும் கரையேறக் கூடாது. அவை எண்ணிட்டு, உட்பிரிவுகளோடு இருந்தன. வந்த நாளிலிருந்து அன்றுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

"நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள்?" என்று க்ளௌஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

துறைமுக அலுவலகம் என்றேன். அவர் எழுந்து நின்று கை குலுக்கினார். நான் பணிக்காலம் முழுவதும் கப்பல்களை ஜன்னல் வழியாகப் பார்த்தவன். எது மூழ்கினாலும் ஏன் மூழ்கியது, எந்தக் கையெழுத்து இல்லாததால் மூழ்கியது என்று விசாரித்து எழுதுவது என் வேலை. அதை விளக்குவதற்குள் உருளைக்கிழங்கு சாலட் வந்துவிட்டது. அந்த நாட்டில் உருளைக்கிழங்கைச் சுடச்சுட வேகவைத்து, ஆறவைத்து, புளிக்கவைத்துத் தின்கிறார்கள். நம் வீட்டில் அப்படி ஆனால் மாட்டுக்கு வைப்போம்.

வெள்ளிக்கிழமை ரகு பீட்சா வாங்கித் தந்தான். கடைக்காரர் இத்தாலியர். மாவு பிசைகிறவர் குர்து. அடுப்பில் நிற்பவன் மன்னாரிலிருந்து அகதியாக வந்த ஜெராட். முப்பது வயதிருக்கும். தமிழர் வந்தால் மட்டும் பாலாடைக்கட்டிக்குக் கீழே பச்சை மிளகாயை ஒளித்துவைப்பான். ரகு படகுப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஹைடல்பெர்க் சிற்றிக்குள்ளாலை ஆத்திலை போவியளோ? கரையிலை இறங்கவே தேவையில்லையோ?"

"தேவையில்லை."

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. ஒரு இடம் போதும்."

ரகு தன் படகிலேயே இடம் கொடுத்தான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் உலகத்துக் கணினிகள் எல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். அவர்களுடையது முன்கூட்டியே நின்றுவிட்டது. "சாரி மாமா, சிஸ்டம் டவுன். என் சீட்ல நீங்க போயிடுங்க. டோட்டலி ஸேஃப். ஜெராட் மன்னார்காரன், தண்ணிலயே வளர்ந்தவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

ஆற்றங்கரையில் க்ளௌஸ் எங்கள் இருவரையும் பார்த்து மலர்ந்தார். "துறைமுக அதிகாரியும் தீவுக்காரரும் ஒரே படகில். உங்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை." மற்றவர்களுக்குத் துடுப்புப் பிடிக்கும் பாடம் நடந்தது. எங்களுக்கு நடக்கவில்லை. நாங்கள் ஓரமாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். ஜெராட் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, மினுங்கும் ஷூ போட்டிருந்தான். அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.

"தம்பி, படகுக்கு இவ்வளவு அலங்காரமா?"

"பொம்பிளை பாக்கப் போறன் ஐயா."

புளிசாதம் எனக்குப் புரையேறியது. அவன் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னான். பெண்ணின் பெயர் றெஜினா. ஹைடல்பெர்க்கில் அண்ணன் அன்ரன் குடும்பத்தோடு இருக்கிறாள். அவனுக்கும் அவளுக்கும் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

"என்ர பேப்பரிலை இந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது எண்டு கிடக்கு. அவான்ர பேப்பரிலை அந்தச் சிற்றியை விட்டு வெளிக்கிடக் கூடாது எண்டு கிடக்கு."

"இடையில் எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸிலை அரை மணித்தியாலம்."

"அனுமதி கேட்டு மனுப் போடுவதற்கென்ன?"

"அன்ட்ராக் போட்டனான் ஐயா. பொம்பிளை உனக்குச் சொந்தமோ எண்டு கந்தோரிலை இருக்கிற மனுசி கேட்டவ. இன்னும் இல்லை எண்டன். சொந்தமெண்டால்தான் பேர்மிற் தரலாம், கலியாணம் முடிச்சிட்டு வா, பொம்பிளை பாக்க விடுறன் எண்டா."

முகம் தெரியாத அந்த அலுவலக அம்மையார் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று. இப்படி ஒரு பதிலை எழுத எங்கள் அலுவலகத்தில் குறைந்தது கண்காணிப்பாளர் பதவிக்காவது வரவேண்டும்.

"பொலிஸ் கண்டால் என்ன செய்யும்?"

"முந்தி ஒருக்கா டுசல்டோர்ஃபுக்கு ஞானஸ்நானத்துக்குப் போய் ரயிலிலை பிடிபட்டனான். இனிப் பிடிபட்டால் கோட்டிலை ஏத்துவாங்கள். கேசும் பழுதாப்போம்." அவன் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவாக்குப் பாரிசிலை ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கு. விசா உள்ள ஆள். நாளைக்கு அன்ரன் அண்ணை மறுமொழி சொல்லோணும். நேரிலை பாக்காமல் ஒருத்தருக்கும் ஓம் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறா. பாரிஸ்காரர் போன கிழமை வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்."

நான் சிந்தித்தேன். துறைமுகத்தில் கரையிறங்கும் சீட்டு என்று ஒன்று உண்டு. அது இல்லாத கப்பல்காரன் தளத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கரையிலிருக்கிறவனோடு சண்டைகூடப் பிடிக்கலாம். கரையில் கால் வைக்காதவரை அவன் நாட்டுக்குள் வந்ததாகக் கணக்கில்லை. க்ளௌஸை அழைத்து, இந்த ஆறு யாருடையது என்று கேட்டேன். கப்பல் போகும் ஆறு, ஆகவே மத்திய அரசுடையது, நகராட்சிக்கு இதில் ஒரு சொட்டுக்கூடச் சொந்தமில்லை என்றார்.

"தம்பி, ஏறுவதும் இறங்குவதும் உங்கள் மாவட்டத்தில். நடுவே, படகில் இருக்கும்வரை நீங்கள் அந்த நகரத்துக்குள் போகவில்லை."

"சட்டம் அப்பிடியோ சொல்லுது?"

"சட்டம் இதைப்பற்றி யோசிக்கவில்லை. அதற்குள் நாம் போய்விட்டு வந்துவிடலாம்."

பெண் பார்க்கப் போகிறவனோடு ஒரு பெரியவர் வேண்டும் என்றான். அவனுக்கு அந்த நாட்டில் யாரும் இல்லை. இப்படியாக, முந்தின நாள் பீட்சா வாங்கிய பழக்கத்தில் நான் மாப்பிள்ளை வீட்டார் ஆனேன்.

முன்னால் நான், பின்னால் அவன். படகு புறப்பட்டதும் வட்டமடித்தது.

"ஐயா, இடப்பக்கம் வலியுங்கோ."

"இடப்பக்கம் வலிக்கவில்லை. முதுகுதான் வலிக்கிறது."

"இல்லை ஐயா, துடுப்பை வலியுங்கோ. சரி, இப்ப வலிக்காதேங்கோ. ஐயோ, வலியுங்கோ."

இரண்டாவது வட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, மன்னாரில் படகு ஓட்டியதில்லையா?"

"அப்பாக்குத் தையல்கடை ஐயா. கடலைக் கண்டாலே எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். நீங்கள் ஹாபரிலை இருந்தனியள்தானே, பாத்துக்கொள்ளுவியள் எண்டுதான் பயப்பிடாமல் ஏறினனான்."

அதற்குள் நீரோட்டம் எங்களைப் பொறுப்பேற்றுக்கொண்டது. அது இழுத்த பக்கம் போனோம். பக்கவாட்டில்தான் அதிகம் போனோம்.

நகர எல்லையைத் தாண்டியதும் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை. படகுகளை இறக்கிவிடும் மதகு அன்றைக்குச் சிறு படகுகளுக்கு இல்லை. எல்லோரும் இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு கரையோரப் பாதையில் நடந்து மறுபக்கம் இறக்கவேண்டும் என்றார் க்ளௌஸ். இறங்கினார்கள். நானும் இறங்கினேன், எனக்கு விசா இருந்தது. ஜெராட் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"இதென்ன ஐயா, ஆறு முடிஞ்சுபோச்சு."

நான் க்ளௌஸிடம் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டத்தை மதிக்கும் மனிதர், ஆகவே உடனே முடியாது என்று சொல்லவில்லை.

"அவர் படகை விட்டு இறங்கமாட்டார். ஆனால் படகு கரைக்கு வந்தால் அவரும் கரைக்கு வந்தவர்தானே?"

"படகு கரையில் இருக்கப்போவதில்லை. உங்கள் தோளில் இருக்கப்போகிறது."

க்ளௌஸ் படகின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி எடை பார்த்தார். "பலவீனமான வாதம். ஆனால் வாதம்" என்றார். பிறகு ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆறு ஜெர்மானியர், அதில் இருவர் கணினி வல்லுநர்கள், ஒருவர் பல் மருத்துவர், மாப்பிள்ளையைப் படகோடு தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். க்ளௌஸ் முன்வரிசையில் தோள் கொடுத்தபடி "இடது, வலது" என்று தாளம் சொன்னார். நான் இரண்டு துடுப்புகளையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதையோரத்தில் இடம்பிடித்து உட்கார்ந்து சுட்ட சாசேஜ் தின்றுகொண்டிருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று எழுந்து கைதட்டினார்கள். ஒரு பெண்மணி படகுக்குள் ஒரு பிரெட்ஸல் முறுக்குரொட்டியை எட்டிப் போட்டாள். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் பாண்டு வாத்தியம் மட்டும்தான் உண்டு. இந்த மரியாதை யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஜெராட் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

"ஐயா, எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"சிரித்த முகமாக இருங்கள். பெண் வீட்டார் யாராவது நிற்கப்போகிறார்கள்."

இருட்டியது. மறுபடி ஆற்றில் இறங்கினோம். அடையாளம் இதுதான்: பழைய பாலத்தைத் தாண்டி வலக்கரையில் படிக்கட்டு, அதில் றெஜினா மஞ்சள் குடை விரித்துப் பிடித்து நிற்பாள். வானத்தில் மேகம் இல்லாத நேரத்தில் தொலைபேசியில் பேசிச் செய்த ஏற்பாடு. பாலத்துக்கு அடியில் போகும்போது தூறல் விழுந்தது. பாலத்தை விட்டு வெளியே வந்தால், வலக்கரை நெடுகிலும் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர், ஆயிரக்கணக்கான குடை. முன்யோசனை உள்ள ஜனங்கள். அந்த இருட்டில் எல்லாக் குடையும் ஒரே நிறம். தூறலில் எங்கள் படகு விளக்கும் அணைந்துபோயிற்று.

மற்றப் படகுகள் ஒன்றையொன்று விளிம்பில் பிடித்துக்கொண்டு ஆற்று நடுவில் ஒரே மிதவையாகச் சேர்ந்தன. நாங்களும் சேர முயன்று, அவர்களைச் சுற்றி வந்து, தவறிப்போய்க் கரைப் பக்கம் ஒதுங்கினோம். அதே சமயம் மலைமேல் கோட்டை சிவப்பாகப் பற்றியதுபோல் ஒளிர்ந்தது. எந்தக் காலத்திலோ எதிரிகள் கொளுத்திய கோட்டையாம். அதை வருடாவருடம் தாங்களே வண்ணம் போட்டுக் கொளுத்திப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு வாணங்கள் ஏறின. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் ஜனங்கள் ஒரே குரலில் "ஓ" என்று சொல்லி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். நம் ஊர்த் தீபாவளியில் ஒருவன் வெடிக்க நாலு பேர் திட்டுவார்கள். இங்கே திட்டவும் ஆளில்லை, ஓடவும் ஆளில்லை. வேடிக்கை ஒழுங்காக நடந்தது.

அப்படி ஒரு "ஓ" நின்ற இடைவெளியில் தமிழ் கேட்டது. பெண் குரல்.

"அண்ணை, உந்தப் படகாத்தான் இருக்கோணும். ஒருத்தர் இஞ்சாலை வலிக்கிறார், மற்றவர் அங்காலை வலிக்கிறார்."

ஜெராட் துடுப்பைத் தூக்கி ஆட்டினான். படகு ஆடியது. கரையிலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது. "நான் அன்ரன். நீங்கள் ஆர், பெரியவரோ?"

"மாப்பிள்ளை வீட்டார்" என்று நானும் கத்தினேன்.

பச்சை வாணம் ஒன்று வெடித்தது. அந்த ஒளியில் படிக்கட்டும், படியில் ஒரு குண்டு மனிதரும், பக்கத்தில் குடையும், குடைக்குக் கீழே ஒரு முகத்தின் பாதியும் தெரிந்தன. உடனே இருட்டிவிட்டது.

"தம்பி என்ன வேலை?"

"சமையல்."

"நிரந்தரமோ?"

வெடி.

"என்ன சொன்னனீங்கள்?"

"இப்போதைக்கு நிரந்தரம்."

"குடிவகை பாவிப்பாரோ?"

"இல்லை" என்று நான் சொன்னதை வெள்ளிப் பூவாக விரிந்த ஒரு பெரிய வெடி விழுங்கிவிட்டது. அன்ரனுக்கு என் வாய் திறந்தது மட்டும் தெரிந்திருக்கும். சுற்றியிருந்த குடைகள் எங்களை அமைதியாக இருக்கச் சொன்னன. வெடிச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை, பேச்சுத்தான் தொந்தரவு.

அப்போது படிக்கட்டின் மேலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. போலீஸ்காரர். கீழ்ப்படிக்கு இறங்கி வந்து, படகில் ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்டார். பிறகு கையைக் காட்டிக் கரையேறச் சொன்னார்.

"மன்னிக்கவேண்டும். தலைவர் சொல்லாமல் யாரும் கரையேறக் கூடாது என்று சங்கத்தின் விதி" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் யோசித்தார். விதி என்ற சொல்லை அங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. "அப்படியானால் தலைவர் வேறு விளக்குக் கொண்டுவரும்வரை நகரக் கூடாது. கயிற்றை வீசுங்கள்" என்றார். படகின் மூக்கில் கட்டியிருந்த கயிற்றை வீசினேன். அவர் ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பியில்லாக் கருவி. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, பிடியுங்கள் என்றார். றெஜினா குடையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்து, தண்ணீருக்குள் இருந்த படியில் முழங்கால் வரை இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள்.

"ஆவணங்கள்" என்றார் போலீஸ்காரர்.

இதற்காகத்தான் நான் பணிக்காலம் முழுவதும் பழகியவன். மிதவைச் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, கடவுச்சீட்டு, மருமகனின் அழைப்புக் கடிதம், அதன் அரசு முத்திரையிட்ட ஜெர்மன் நகல், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய ஆணை, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் தகுதியானவர் என்பதற்கான சான்று என்று ஒவ்வொன்றாகத் துடுப்பின் அலகில் வைத்து நீட்டினேன். தூறலில், வாண வெளிச்சத்தில் அவர் ஒவ்வொன்றையும் படித்தார். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதால் அதன் வெளிச்சம் முழுவதும் ஜெராட் முகத்தில் விழுந்தபடியே இருந்தது. ஓய்வூதிய ஆணையின் மூன்றாம் பக்கத்தில் அவருக்கு இரண்டாவது ஆளின் காகிதங்களைப் பார்க்கும் ஆசை போய்விட்டது. முகத்தில் தெரிந்தது.

றெஜினா மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் என் தலைக்கு மேலாகப் பேசவேண்டியிருந்தது. நான் குனிந்துகொண்டேன்.

"மன்னார் ஆள் எண்டு சொன்னவை. துடுப்பு வலிக்கத் தெரியாதோ?"

"தெரியாது."

"நீந்த?"

"அதுவும் ஏலாது."

"பிறகென்னத்துக்கு ஆத்தாலை வந்தனியள்?"

"ரோட்டாலை வர விடேல்லை."

மேலே ஒரு வாணம் பொன்னாகச் சிதறி இறங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"பாரிஸ்காரர் வந்து சோபாவிலை இருந்து, எங்கட வீட்டு வாடகை எவ்வளவு எண்டு கேட்டவர். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

ஜெராட்டும் ஒன்று கேட்டான். "தண்ணி குளிருதோ?"

"குளிருது."

"அப்ப மேலை ஏறுங்கோ. கயித்தை அண்ணையிட்டைக் குடுங்கோ."

அவள் ஏறவில்லை. அதற்குள், டார்ச் வெளிச்சத்தைக் கண்ட க்ளௌஸ் மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டு வந்து, எங்கள் படகில் வேறு விளக்கைப் பொருத்தினார். போலீஸ்காரர் அது எரிவதைச் சரிபார்த்தார். என் காகிதங்களை நான் கொடுத்த வரிசையிலேயே அடுக்கித் திருப்பித் தந்தார், டார்ச்சை அணைத்தார். பெண்ணைப் பார்த்து, கயிற்றை விடலாம் என்றார்.

கயிறு அப்படியே இருந்தது.

அவர் இன்னொரு தடவை சொன்னார். அன்ரன் குடையோடு குனிந்தார். "பிள்ளை, கயித்தை விடு. அவை போகோணும்."

"அண்ணை, ரெலிபோன் பூத் உதிலைதானே இருக்கு. பாரிசுக்கு எடுத்து, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நீங்கள் வருமட்டும் நான் பிடிச்சிருக்கிறன்."

அன்ரன் என்னைப் பார்த்தார். நான் திரும்பி ஜெராட்டைப் பார்த்தேன். அவன் துடுப்பை ஆற்றில் விட்டிருந்தான். அது போய்க்கொண்டிருந்தது. அன்ரன் இரண்டு இரண்டு படியாக ஏறிக் குடைகளுக்குள் மறைந்தார்.

இவள் என்ன சொல்கிறாள் என்று போலீஸ்காரர் என்னிடம் கேட்டார்.

"ஒரு தடையில்லாச் சான்று வரவேண்டியிருக்கிறது. வந்ததும் புறப்பட்டுவிடுவோம்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு மறுபடியும் டார்ச்சைப் போட்டார்.